பின்னாடி எடுத்தீங்களா சார்?

அவரிடம் வண்டியை விட்டுவிட்டு வர முடியாது. வண்டியோடு நாமும் நிற்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் உளுந்தூர்பேட்டை சாலை நகருக்குள் நுழையும் இடத்தில், ஒரு புளியமரத்தை ஒட்டி இருந்தது அவருடைய கடை. பலகையில் ‘செல்ஃப், டைனமோ, ஒயரிங் வேலை’ என்று மட்டும் இருக்கும். பெயர் இருக்காது. நானும் இங்கே எழுதப் போவதில்லை. ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிட்டது. அந்தத் தெருவில் இன்னும் நான்கு பாய்கள் கடை வைத்திருந்தும், பாயிடம் விட்டிருக்கிறேன் என்றால் இவரிடம்தான்.

எலெக்ட்ரிக் வேலைதான் தொழில் என்றாலும், மற்றவர்கள் கைவிட்ட எந்த வண்டியும் கடைசியில் அவரிடம் வரும். அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பார். எப்போது நின்றது, எங்கே நின்றது, நிற்பதற்கு முன் என்ன சத்தம், ஓட்டியது யார், பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார், நேற்று யாராவது தொட்டார்களா. எல்லாம் மெதுவான குரலில். பதிலில் ஏதாவது இடித்தால் திரும்பக் கேட்க மாட்டார். “சரி சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வேறு வேலையைப் பார்ப்பார். உண்மை வருகிறவரை வண்டி அப்படியே நிற்கும்.

ஒரு முறை, வேன் ஒன்று வலப்பக்கம் திரும்பினால் மட்டும் தானாக ஹாரன் அடிக்கிறது என்று வந்தது. டிரைவர் இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியாது என்றே சொன்னார். பிறகு, சாப்பாட்டுக் கேரியர் உருளாமல் கட்டி வைக்க ஸ்டியரிங் அடியில் தொங்கிய ஒயரில் ஒரு முழம் வெட்டிக்கொண்டதை ஒப்புக்கொண்டார். இன்னொரு முறை தினமும் காலையில் பேட்டரி செத்துப்போகும் ஜீப் ஒன்று. சொந்தக்காரர் புது பேட்டரி வாங்கத் தயாராகவே வந்திருந்தார். பாய் கேட்டது ஒரே கேள்வி: “உங்க வூட்ல கிரிக்கெட்டு கேக்கறது யாரு?” ஜீப்புக்காரர் முகம் மாறியது. அவருடைய மச்சான் ஊரிலிருந்து வந்து ஒரு மாதமாகத் தங்கியிருந்தார். ஜீப்பில்தான் ரேடியோ இருந்தது.

வண்டிக்கு வெளியிலும் அவர் அப்படித்தான். ஒரு கல்யாணத்தில் பிரியாணி அடிப்பிடித்துவிட்டது. சமையல்காரர் அடுப்பைக் குறை சொன்னார், விறகுக்காரர் அரிசியைக் குறை சொன்னார். பாய் விருந்தாளியாகத்தான் வந்திருந்தார். தேக்சா பக்கத்தில் போய் நின்று, “மூடியை மொதல்ல தொறந்தது யாரு?” என்றார். கால் மணி நேரத்தில் மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் மாப்பிள்ளை. பாயின் மனைவி ஒரு நாள் என் மனைவியிடம் சொன்னாராம்: “வெளியில உங்களுக்கெல்லாம் வண்டிக்கு மட்டுந்தான் இந்த வெசாரணை. எங்க வூட்ல கொழம்புல உப்பு கம்மின்னாலும் கோர்ட்டுதான்.”

அவருக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனார். ஐந்து நிமிடத்தில் மருந்துச் சீட்டோடு வந்துவிட்டார். மருந்து வாங்கவில்லை. “ஒண்ணுமே கேக்கலை சார்” என்று என்னிடம் வருத்தப்பட்டார். “நாக்கை நீட்டுன்னாரு, நீட்டினேன், எழுதிட்டாரு. நான் எங்க போனேன், இன்னா சாப்ட்டேன், ஒண்ணும் கேக்கலை. அவரு எப்பிடி கண்டுபிடிச்சிருப்பாரு?”

இந்த மனிதரிடம்தான் நான் ஐந்து நாள் பொய் சொன்னேன். எண்பத்தேழாம் வருடத்து நாட்குறிப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் அந்த வாரத்தை எடுத்துப் பார்த்தால், பொய்கள் தேதி வாரியாக இருக்கின்றன.

என் மாமனாருக்குக் கச்சிராயபாளையத்தில் கரும்பு. அவரிடம் ஐம்பதுகளில் செய்த ஓர் இங்கிலீஷ் கார் இருந்தது. அதில் கியர் பெட்டிக்குப் பின்னால் ஓவர்டிரைவ் என்று இன்னொரு சிறிய பெட்டி உண்டு. டாப் கியரில் போகும்போது ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைத் தள்ளினால், டாப்புக்கும் மேலே ஒரு கியர் விழுந்ததுபோல இஞ்சின் அடங்கி வண்டி பறக்கும். மாவட்டத்தில் வேறு யாரிடமும் இது கிடையாது என்று மாமனார் சொல்வார். நிச்சயதார்த்தத்தன்று என்னிடம் அவர் சொன்னதை நாட்குறிப்பில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “நெலத்தைக் கேளுங்க, மாட்டைக் கேளுங்க. வண்டியை மட்டும் கேக்காதீங்க.” இது வெறும் பேச்சு இல்லை. மூத்த மாப்பிள்ளை ஒரு பொங்கலுக்கு அந்தக் காரின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தலை வாரினார். இரண்டு வருடம் மாமனார் அவரோடு பேசவில்லை. அந்த அக்கா ஒவ்வொரு பண்டிகைக்கும் தனியாக வந்து தனியாகப் போனாள். என் மனைவி அதைப் பார்த்து அழுதிருக்கிறாள்.

அந்த செப்டம்பரில் மாமனார் நில வழக்குக்காக விழுப்புரம் போனார். அவர் பஸ் ஏறிய மறுநாள், பதினாறாம் தேதி புதன்கிழமை, என் மாமியார் கார் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகும் வழியில் ஒரு கோயிலுக்கு மூன்று வருடமாக அவருக்கு வேண்டுதல் பாக்கி. கணவரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்.

“மாமாவுக்குத் தெரிஞ்சா, அத்தை?”

“நீங்க சொல்லலைன்னா எப்பிடித் தெரியும், மாப்ளை? காலையில போய் மத்தியானத்துக்குள்ள வந்துர்லாம்.”

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். அதுவரை ஓட்டியதெல்லாம் நண்பரின் அம்பாசிடர். ஆனால் அந்த சுவிட்சைத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நிச்சயதார்த்தத்திலிருந்தே இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டிய நேர் சாலையில் தள்ளினேன். பறந்தது. மலை ஏற்றம் தொடங்கியதும் சுவிட்சை அணைத்தேன். அணைத்த பிறகும் வண்டி முனகிக்கொண்டே ஏறியது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலை விட்டு வரும்போது சாமிக்கு முதுகைக் காட்டக் கூடாது. பத்தடி பின்னோக்கியே நடந்து வந்து பிறகுதான் திரும்புவார்கள். ஆளுக்கு மட்டும் இல்லை, வண்டிக்கும் அதே விதி. அவர்கள் வீட்டு டிராக்டர்கூடப் பூஜை முடிந்தால் பத்தடி பின்னால் வந்துதான் திரும்பும். நான் காரைக் கோயிலைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். வேண்டுதல் முடிந்து, ரிவர்ஸ் போட்டு ஆக்சிலேட்டரில் காலை வைத்தேன். அடியில் டக்கென்று ஒரு சத்தம். வண்டி நகரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் பாயிடம் ஐந்து நாள் மறைத்தேன். கடைசியில் ஒரு மரவள்ளிக் கொல்லையின் ஓரமாக முன்பக்கமாகவே சுற்றி இறங்கினோம். சாமிக்கு முழு முதுகையும் காட்டினோம். வழியெல்லாம் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தார்.

முன்னால் போகும், பின்னால் வராது. அப்படியே மாமனார் வீட்டு ஷெட்டில் விட முடியாது. நேராகக் கள்ளக்குறிச்சிக்கு ஓட்டிவந்து புளியமரத்தடியில் நிறுத்தி, காலையில் பேசிக்கொள்ளலாம் என்று பாயிடம் சொல்லிவிட்டு, அதே ஊரில் இருந்த என் வீட்டுக்குப் போனோம். மாமனார் வெள்ளிக்கிழமை திரும்புவதாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஊரில் சத்தமே இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் அன்று தொடங்கியிருந்தது. எல்லாச் சாலைகளிலும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பேப்பர் இல்லை, பால் பாதி. பின்னர், சில ஊர்களில் உயிர்களும் போயின என்று செய்தி வந்தது. அன்று எனக்குத் தோன்றியதை வெட்கத்தோடு எழுதியிருக்கிறேன்: ‘மாமா வெள்ளிக்கிழமை வர முடியாது.’

இன்னொன்றை நான் யோசிக்கவில்லை. வண்டிகள் ஓடாததால் பாய்க்கும் வேறு வேலை கிடையாது. என்னை விசாரிக்க ஒரு வாரம் முழுக்க அவருக்குக் கிடைத்திருந்தது.

முதலில் சாவியைத் திருப்பி, டாப் கியர் போட்டு, சுவிட்சைத் தள்ளச் சொன்னார். வண்டிக்கடியில் தலையை வைத்துக் கேட்டார். மறுபடி அணைக்கச் சொன்னார். “ஒயரு, சுவிட்சு எல்லாம் சரியா கீது. புடிக்கறது புடிக்குது. விடறதுதான் இல்லை” என்றார். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“பின்னாடி எடுத்தீங்களா சார்?”

“இல்லையே. ஷெட்டுலேருந்து எடுத்து நேரா இங்கதான் வந்தேன்.”

அவர் பின்கதவைத் திறந்தார். சீட்டுக்கடியிலிருந்து நான்கு கடுக்காய்கள் உருண்டு வந்தன. மாமியார் மலையில் ஒரு கூடை வாங்கியிருந்தார்.

“உங்க மாமனாரு ஷெட்டுல கடுக்கா காய்க்குதா சார்?”

நான் குனிந்து கடுக்காய்களைப் பொறுக்கினேன். “சரி சார்” என்று உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை, கோமுகி அணை வரை போனதாக ஒப்புக்கொண்டேன். கடுக்காயை அணைக்கட்டில் ஒருவன் விற்றான் என்றேன். “சரி சார்” என்றார். சனிக்கிழமை, அடிவாரம் வரை. ஞாயிற்றுக்கிழமை காலை, பாதி மலை. அன்று மாலையே கோயில் வாசல். ஒரு நாளைக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வீதம் என் வாக்குமூலம் மலை ஏறியது. ரிவர்ஸ் போட்டதை மட்டும் சொல்லவில்லை. பாயும் என் மாமனாரும் பல வருடப் பழக்கம். இவர் காதில் போட்டால் அவர் காதுக்குப் போய்விடும் என்று பயந்தேன்.

நடுவில் ஒரு முயற்சியும் செய்தேன். காருக்குள் அதைச் செய்த கம்பெனியின் புத்தகம் இருந்தது. நான் படிக்கிறவன். ஓர் இரவு முழுக்கப் படித்து, கோளாறு, காரணம், நிவர்த்தி என்று போட்டிருந்த அட்டவணையை ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். பாய் அதை மரியாதையாக வாங்கி, கடைசி வரி வரை படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். இதுல பதினோரு காரணம் இருக்குது. ஒவ்வொண்ணா பாக்கணும்னா பெட்டியை எறக்கணும். எறக்கினா உள்ள இருக்கற ரப்பரு பூரா போயிரும். அந்த ரப்பரு எங்கியும் கெடைக்காது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா பத்து காரணம் போயிரும்.”

“அதை நான் சொல்லி என்ன ஆகப்போகுது பாய்?”

“புடிச்சிக்கினு விடாத நேரத்துல பின்னாடி எடுத்தா, உள்ள ரோலருங்க கடிச்சிக்கும். பெட்டியே பூட்டிக்கும். டக்குன்னதும் காலை எடுத்திருந்தா தப்பிச்சிது, நாலு தட்டு தட்டினா போதும். அழுத்திப் புடிச்சிருந்தா ஒடைஞ்சிருக்கும். அப்போ நான் தட்டிட்டு ஓட்டுங்கன்னு சொன்னா, நடுரோட்டுல பெட்டி தூள் ஆயிரும். எதுன்னு தெரியாம நான் எப்பிடி கையை வெக்கிறது? வண்டி உங்களுது இல்லையே.”

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. ஆனாலும் தாளைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் அந்த நாட்களில் ஒதுக்கீட்டைப் பற்றித்தான் பேச்சு. இத்தனை சதவீதம் நியாயம், இத்தனை அநியாயம் என்று ஆளுக்கொரு கணக்கு. பாயைக் கேட்டார்கள். “எந்த சாதியில எத்தினி பேருன்னு கடைசியா எண்ணினது எப்போ?” என்று அவர் கேட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் என்று ஒரு வாத்தியார் சொன்னார். “எண்ணாமயே நீங்கல்லாம் எப்பிடி இவ்ளோ கரெக்டா சொல்றீங்க?” என்றார் பாய். டீயைக் குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார். அந்த நிலையிலும், அவர் பேச்சை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது மாமியார் நடந்து வந்தார். வீட்டில் அடைந்து கிடந்து சலித்துப்போயிருந்தது. சாமி குத்தம்தான் இத்தனைக்கும் காரணம் என்று அவருக்கு உறுதியாகிவிட்டதால், யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ள வேண்டியும் இருந்தது.

“என்ன பாய், வண்டி பின்னாடி வருதா?”

பாய் என்னைப் பார்த்தார். நான் புளியமரத்தைப் பார்த்தேன். இதற்கு மேல் ஏற மலை இல்லை.

“எடுத்தேன் பாய். கோயில்ல. ஒரே ஒரு தடவை.”

“மூணு தடவை” என்றார் மாமியார். “மாப்ளை வெக்கப்படறாரு. நான்தான் விடாதீங்கன்னு சொன்னேன். சாமிக்கு முதுகைக் காட்ட முடியுமா?”

பாய் வண்டிப் பக்கம் வந்துவிட்டார். அவர் குரலில் முதல் முறையாக ஓர் அவசரம் வந்தது.

“மூணு தடவையும் டக்குன்னதும் காலை எடுத்தீங்களா?”

“ரெண்டு தடவை எடுத்துட்டேன்.”

“மூணாவது?”

“மூணாவது தடவை நான் அழுத்தவே இல்லை பாய். நியூட்ரல்ல போட்டுட்டேன். அத்தை கீழே இறங்கி, முன்னாடி நின்னு தள்ளினாங்க.”

“நான் மட்டுமா தள்ளினேன்? பூசாரியும் இன்னும் நாலு பேரும் தள்ளினாங்க. அசையலை பாய். மலையே வந்து பின்னாடி நிக்கற மாதிரி இருந்துது.”

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு சத்தமில்லாமல் தோளைக் குலுக்கியது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க புஸ்தகத்துல இது இருக்குதா சார்?” என்றார். “ஆளு தள்ளினதுல ஒண்ணும் ஒடையாது. நீங்க காலை எடுத்துட்டீங்க. தப்பிச்சிது. இதை வேழக்கெழமையே சொல்லியிருந்தா அன்னிக்கே மத்தியானச் சோத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்.”

ஒரு மரச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போனார். பெட்டியைச் சுற்றியிருந்த ஒரு வளையத்தில், தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல, இடத்தை மாற்றி மாற்றித் தட்டினார். ஆறாவதோ ஏழாவதோ தட்டில் உள்ளே ஏதோ கழன்று விழுந்ததுபோல ஒரு சின்னச் சத்தம். “இப்போ தள்ளுங்கம்மா” என்றார். மாமியார் பானெட்டில் ஒரு கையை வைத்தார். வண்டி ஒரு பசுமாடு மாதிரி பின்னால் போனது. மாமியார் அதோடேயே பத்தடி நடந்தார். மலை இருக்கும் மேற்குத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் எழுந்து சாவியைக் கேட்டேன். பாய் தரவில்லை. கியர் பெட்டியில் ஒரு கம்பியை விட்டெடுத்து, நுனியிலிருந்த ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்துகொண்டிருந்தார்.

“ரெண்டு பெட்டிக்கும் ஒரே ஆயிலு. இதுல இஞ்சின் ஆயில்தான் ஊத்தணும். யாரோ தொண்ணூறு ஊத்தியிருக்காங்க. லாரி பெட்டிக்கு ஊத்தற கெட்டி ஆயிலு. ஒட்டிக்கினதுக்குக் காரணம் அதுதான். நீங்க இல்லை.”

“மாத்திடுங்க பாய். மாமா வர்றதுக்குள்ள.”

“எப்போ ஊத்துனது, பழசை வடிச்சிட்டு ஊத்துனாங்களா, மேலயே ஊத்துனாங்களா, அதோட வேற எதையாவது கலந்தாங்களா, ஒண்ணும் தெரியலையே. தெரியாம மாத்தினா மறுபடியும் ஒட்டும். ஊத்துனவரு வரட்டும்.”

“ஊத்தினவர் வந்தா என் கதை முடிஞ்சது பாய். வண்டி இங்கே நிக்கறதை அவர் பாக்கக் கூடாது.”

“நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொன்னா அப்புறம் எவன் என்கிட்ட உண்மை சொல்லுவான்? ஆனா சாவி இப்போ தர மாட்டேன்.”

செவ்வாய் முழுக்கக் கெஞ்சினேன். நடக்கவில்லை. புதன்கிழமை மறியலின் கடைசி நாள். பிற்பகல் மூன்று மணிக்கு உளுந்தூர்பேட்டை சாலையில் ஒருவர் தோளில் துண்டும் கையில் செருப்புமாக நடந்து வந்தார். ஐந்து நாள் களமருதூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் மாட்டிக்கொண்டு, பொறுக்க முடியாமல் கிளம்பி, எலவனாசூர்கோட்டை வரை சைக்கிள் கேரியரிலும் மீதி நடந்துமாக வந்திருந்த என் மாமனார். என்னைத் தாண்டி, புளியமரத்தடியில் நின்ற காரைப் பார்த்தார்.

“மாப்ளை. என் வண்டி இன்னா இங்க நிக்குது?”

ஷெட்டை வாடகைக்கு விட்டோம், இலவச ரிப்பேர் முகாம், திருட்டு என்று எத்தனையோ பதில்களை யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

“நான்தான் மாமா எடுத்துட்டுப் போனேன். மலைக்கு. ஓவர்டிரைவ் போட்டுப் பார்த்தேன். கோயில்ல மூணு தடவை ரிவர்ஸ் எடுத்தேன், பூட்டிக்கிச்சு. அத்தை சொல்லித்தான் எடுத்தேன். ஆனா காலை வெச்சது நான்.”

அவர் செருப்பைக் கீழே போட்டார். முகம் சிவந்தது. இனிப் பண்டிகைக்குத் தனியாக வந்து போகப்போகும் என் மனைவி என் கண்ணில் தெரிந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“வாங்க மொதலாளி. ஒரு சந்தேகம். பெட்டியில தொண்ணூறு ஊத்துனது யாரு?”

மாமனாரின் வாய் திறந்தபடியே நின்றது.

“எந்தப் பெட்டியில?”

“இந்த வண்டி கியர் பெட்டியில.”

“அது… எனக்கு இன்னாப்பா தெரியும்? எவனாவது கடைக்காரன் ஊத்தியிருப்பான்.”

“எந்தக் கடை, மொதலாளி?”

“ஞாபகம் இல்லை. எப்பவோ.”

“நீங்க கைப்பட ஊத்தலையே?”

“நானா? நான் ஏன் ஊத்தறேன்? அந்த வண்டியில வேற எவனையும் கையை வெக்க விடமாட்டேன்னு உனக்குத் தெரியாதா?” சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“சரிங்க மொதலாளி” என்று பாய் உள்ளே போனார். ஒரு பழைய டைனமோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார்.

“இன்னா மாப்ளை, இவன் பாட்டுக்குப் போறான்? வண்டியைக் குடுக்கச் சொல்லு.”

கடையோரம் கழற்றிப் போட்டிருந்த ஒரு லாரி சீட்டை இழுத்து நிழலில் போட்டு, தூசியைத் தட்டினேன்.

“உக்காருங்க மாமா” என்றேன். “எனக்கு அஞ்சு நாள் ஆச்சு.”